கலியாணத்துக்குச் சொல்லுதல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் படகேறுகிற குறிகட்டுவான் இறங்குதுறையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நானும் நெடுந்தீவுதான். 1991இல் பதினைந்து வயதில் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். இப்போது பாரிஸ். எனக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வருகிற ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை பகுதி வடமராட்சி. நல்ல சனங்கள். ஆனால் பேச்சுக்கால் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர்களில் ஒருவர், "தீவாரின்ர கலியாணத்தில என்ன விசேஷம், கருவாடோ?" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தோம். மகளுக்கு மட்டும் அது சுட்டுவிட்டது. "எங்கட ஊருக்கெண்டு ஒரு முறை இருக்கும்தானே அப்பா, அதைக் கேட்டுச் செய்வம்" என்கிறாள்.

ஸ்கொட்லாந்துக்கு அப்பால் செயின்ட் கில்டா என்ற தீவில், கலியாணம் செய்ய விரும்பும் இளைஞன் ஒரு மலைக்கல்லின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று காட்டவேண்டுமாம். யூரியூப்பில் பார்த்தோம். அப்படி எங்கள் தீவுக்கென்று ஏதாவது இருந்ததா? ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையில் எங்கள் திருமண முறைகள் உண்டு என்கிறார்களே, உண்மையா? கன்னிக்காலுக்கு முள்முருக்கு இங்கே கிடைக்காது. வேறு மரம் நடலாமா? விருந்தினருக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்க யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே குடும்பம்போல வாழ்ந்ததை இங்கே பிறந்த பிள்ளைகள் அறியவேண்டும்.

மண்டபம் எடுத்தாயிற்று. நானூறு பேருக்குச் சாப்பாடு. ஊர்ச்சனம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போய்விட்டது, லண்டனில் இருக்கிற என் தம்பியைத் தவிர. ஊர்க் காணி விஷயமாக ஒன்பது வருடமாக எங்களுக்குள் போக்குவரத்து இல்லை. அது வேறு கதை.

அன்புடன்,
ச., பாரிஸ்

*

அன்புள்ள தம்பி ச.,

மகளுக்கு என் ஆசி. பிள்ளையின் பெயரையும் எழுதியிருக்கலாம்.

ஊரிலிருந்தும் ஊரைப் பற்றியும் வருகிற எல்லாக் கடிதங்களுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. குதிரை, பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் அநேகம் பேர் கேட்கிறார்கள். அவற்றைச் சுற்றுலாக்காரர் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு எழுதக் காரணம், கொஞ்ச நாளாக நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கலியாணத்தில் கோபம் கொண்ட சகோதரிகள் இரண்டு பேரையும் அழைத்து, மண்டபத்தின் இந்தத் தலைப்பில் ஒருவரையும் அந்தத் தலைப்பில் மற்றவரையும், மேசை இலக்கம் போட்டு இருத்தியிருந்தார்கள். இருவரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், காசு என்வலப்பைக் கொடுத்தார்கள், போனார்கள். எவ்வளவு நல்ல ஒழுங்கு என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சரி, உங்கள் கேள்விகள். முதலில் அந்தக் கல்.

எங்களிடம் அப்படி ஒரு கல் இல்லை. செயின்ட் கில்டாவின் சனம் கடற்பறவை பிடித்து உயிர் வாழ்ந்த சனம். கயிற்றில் தொங்கிக்கொண்டு செங்குத்துப் பாறையில் முட்டையும் பறவையும் எடுத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கால் தடுமாறுகிறவன் பெண்டாட்டியைப் பட்டினி போடுவான், அல்லது விதவையாக்குவான். அதனால்தான் அந்தச் சோதனை. 1697இல் அங்கே போன மார்ட்டின் என்ற எழுத்தாளரையும் ஏறி நின்று பார்க்கச் சொன்னார்களாம், அவர் கும்பிட்டு விலகிவிட்டார். 1930 ஓகஸ்டில் மிஞ்சியிருந்த 36 பேரும் அரசாங்கத்திடம் தாங்களே கேட்டு, கப்பல் ஏறி வெளியேறினார்கள். கல் மட்டும் இருக்கிறது, யூரியூப்காரருக்கு. உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்றால், சோளகக் காற்று பெயர்ந்து அடிக்கிற ஆனி மாதத்தில் குறிகட்டுவானில் படகேறி, சத்தி எடுக்காமல் மாவிலித்துறையில் வந்து இறங்குகிற மாப்பிள்ளைக்கே பெண் என்று புத்தகத்தில் போடுங்கள். பொய்தான், ஆனால் வடமராட்சியார் நம்புவார்கள்.

தேசவழமை. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி திரட்டி, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி சொல்லி, 1707இல் நடைமுறைக்கு வந்த தொகுப்பு அது. மாங்கல்யமும் மந்திரமும் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். சீதனம், முதுசம், தேடிய தேட்டம், ஈடு, காணி விற்கும்போது பங்காளிக்கு உள்ள முன்னுரிமை என்று முழுக்கச் சொத்துக் கணக்கு. அடிமைகளைப் பற்றியும் ஒரு பிரிவு இருக்கிறது. அதையும் பிரெஞ்சில் பெயர்த்துப் போடுவீர்களா?

பகிடி விட்டவரை மன்னித்துவிடுங்கள். தீவார் என்ற சொல்லை யாழ்ப்பாணப் பள்ளிக்கூட விடுதியில் நானும் காலையும் மாலையும் கேட்டு வளர்ந்தவன்தான். சுடும். மகளுக்குச் சுட்டது நல்லது, அவளுக்கு ஊர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு கருவாட்டுப் பகிடிக்கு இரண்டு மொழியில் புத்தகம் அடிக்கிறதா? திருப்பி ஒரு பகிடி விட்டிருந்தால் பத்துச் சதம் செலவில்லை.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். "எல்லாரும் ஒரே குடும்பம்போல வாழ்ந்தார்கள்" என்று எழுதுகிறீர்கள். பதினைந்து வயதுவரை அங்கே இருந்திருக்கிறீர்கள் தம்பி, கண்ணை மூடிக்கொண்டா இருந்தீர்கள்? கலியாண வீட்டுக்கு முதல்நாள் வந்து பந்தலின் உட்கூரை தெரியாமல் வெள்ளை கட்டிய, ஊருக்குத் துணி வெளுத்த கட்டாடியார் எங்கே இருந்து சாப்பிட்டார்? மாப்பிள்ளைக்கு முகம் வழித்த பரியாரியார்? அவர்கள் இல்லாமல் சடங்கு தொடங்காது. வெள்ளை கட்டாத பந்தலில் கூறைத் தட்டத்தைக் கொண்டுவரவே மாட்டார்கள். ஆனால் பந்தி வைத்து எல்லாரும் எழும்பின பிறகு, கோடிப்புறத்தில், பனையோலைத் தட்டுவத்தில்தான் அவர்களுக்குச் சோறு. சாதியைக் காட்டிப் பொது இடத்தில் ஒருவரை மறிப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. கலியாண வீடு பொது இடம் இல்லையே! எங்கள் வீட்டில் வெள்ளை கட்டியவரை, அவர் வயதில் பாதி இல்லாத நான், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். யாரும் என் வாயில் அடிக்கவில்லை. உங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன். இல்லாவிட்டால் அந்த "ஒரே குடும்பம்" என்ற வரியை வெட்டிவிடுங்கள்.

முறைகள் என்று பார்த்தால், எங்களுடையதும் குடாநாட்டின் முறைதான். நல்லநாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் ஆசாரியார் பொன்னுருக்குவார். அன்றைக்கே இரண்டு வீட்டிலும் கன்னிக்கால், முளைப்பாலிகை. அதற்குப் பிறகு கலியாணம் மட்டும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆளை ஆள் பார்க்கப்படாது. பிறகு பலகாரச் சூடு, பாலறுகு வைத்து முழுக்கு, கூறை, தாலி, மச்சம் காய்ச்சி நாலாம் சடங்கு. கத்தோலிக்க வீடுகளில் கோயிலில் மூன்று ஞாயிறு அறிவித்து, பூசை வைத்து முடிப்பார்கள், பலகாரம் அங்கேயும் அதே பலகாரம்தான். இன்னும் முந்தி, ஐயரும் இல்லாமல் ஓமமும் இல்லாமல், கூறையைக் கொடுத்து, பொம்பிளை சோறு போட மாப்பிள்ளை சாப்பிட்டால் கலியாணம் என்று இருந்த வீடுகளும் உண்டு. இவ்வளவுதான். புத்தகத்துக்கு அரைப் பக்கம்.

ஆனால் இந்த அரைப் பக்கத்தை நெடுந்தீவில் நடத்துவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சுமார் 50 சதுர கிலோமீற்றர் நிலம், சுற்றிவரக் கடல். வாழையிலை யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும். மரக்கறி வரவேண்டும். மேளகாரர் வரவேண்டும். ஐயர் குறித்த முகூர்த்தத்துக்குக் காற்றும் சம்மதிக்கவேண்டும். அப்புறம் தண்ணீர். எங்கே தோண்டினாலும் உவர், நல்ல தண்ணிக் கிணறு கைவிட்டு எண்ணக்கூடியது. நாலு நாளைக்கு நூற்றுக்கணக்கான சனத்துக்குச் சமைக்கவும் குடிக்கவும் கழுவவும் தண்ணீர் யாருடைய கிணற்றில் அள்ளுவது? கலியாணம் வைக்கிறவனுக்கு முதல் கவலை சீதனம், அடுத்த கவலை கிணறு.

அக்காவின் கலியாணம் 1982இல். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு பெரியையாவுடையது, ஐயாவின் சொந்தத் தமையன். நல்ல தண்ணிக் கிணறு அவருடைய பக்கம். இரண்டு வளவுக்கும் நடுவே முருகைக்கல் வேலி. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் வேலிக்குச் சாந்து கிடையாது, கல்லுக்குமேல் கல்லாக அடுக்கி விடுவதுதான். சாந்து இல்லாத வேலி நடக்கும். ஒரு மாரிக்குச் சரிந்த வேலியை ஐயா திருப்பி அடுக்கியபோது அது பெரியையாவின் பக்கம் ஒன்றரை முழம் நடந்துவிட்டது என்று அவர் சொன்னார். ஐயா இல்லை என்றார். ஊர்காவற்றுறைக் கோடுவரை வழக்குப் போனது. அதிலிருந்து பேச்சு இல்லை. நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. பெரியையா வீட்டு நாய் எங்கள் பக்கம் வந்தாலும் ஐயா கல்லெறிவார்.

பெண்கள் இதைக் கணக்கெடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆண்கள் தோட்டத்துக்கோ துறைக்கோ போன பிறகு, வேலியின் சரிந்த மூலையால் தயிர்ச் சட்டி இந்தப் பக்கம் வரும், புழுக்கொடியல் அந்தப் பக்கம் போகும். அம்மாவும் பெரியம்மாவும் நாலு வருடமும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஐயாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல இருப்பது அவருடைய மரியாதை.

அக்காவுக்கு நாள் வைத்தாயிற்று. ஒரு நாள் பொழுதுபட விதானையாரும், பள்ளிக்கூடத்து வாத்தியாரும், ஐயாவின் தாய்மாமனும் வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார்கள். சோளகம் இந்தமுறை நேரத்தோடு தணியுமா என்று கதைத்தார்கள். மாட்டு விலை கதைத்தார்கள். ஒருவரும் வேலியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எழும்பும்போது தாய்மாமன் மட்டும், "அப்ப தம்பி, மூத்தவனுக்கு எப்ப சொல்லப் போறாய்?" என்று கேட்டார். ஐயா பதில் சொல்லாமல் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார். அதற்கு அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். அதே சோளகம், அதே மாட்டு விலை. நாலாம் நாள் ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். வேலி மூலையால் போகவில்லை. ஒழுங்கையைச் சுற்றி, பெரியையாவின் படலைக்குப் போனார். சொந்தத் தமையன் வீட்டுப் படலையில் பிறத்தியானைப்போல நின்று செருமினார்.

பெரியையா சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். எழும்பவில்லை. அம்மா குங்குமச் செப்பை நீட்டினா, பெரியம்மா தொட்டு வைத்துக்கொண்டா. ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஆவணி பத்தில வைச்சிருக்கு. அண்ணை வந்து நடத்தித் தரவேணும்" என்றார்.

நெடுநேரம் சத்தமில்லை. பிறகு பெரியையா முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "தோழன் ஆர்?"

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பொம்பிளையின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளை பந்தலுக்கு வரும்போது செம்புத் தண்ணீரால் கால் கழுவிவிடவேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து படம். நான் மாதக்கணக்காக வகுப்பில் சொல்லித் திரிந்திருந்தேன். "பெரியவன் இருக்கேக்க சின்னவன் நிக்கிறதே?" என்று பெரியையா சொன்னார். அவருடைய மகனுக்குப் பதினெட்டு வயது. முறைக்கு அவனும் அக்காவுக்குச் சகோதரன்தான். ஐயா, "அண்ணை சொன்னாச் சரி" என்றார். அவ்வளவுதான், என் மோதிரம் போய்விட்டது. பெரியையா அதற்குப் பிறகுதான் கதிரையைவிட்டு எழும்பினார். "கிணத்தடியில வாளி ஓட்டை. புதுசு ரண்டு வாங்கிப் போடு" என்றார். வேறு ஒரு சமாதானமும் அங்கே பேசப்படவில்லை.

அன்றிலிருந்து பதினைந்து நாள் அந்த வேலிக்கு வேலையே இருக்கவில்லை. மூலையில் நாலைந்து கல்லை எடுத்து வழியாக்கிவிட்டார்கள். பலகாரச் சூட்டுக்கு அடுப்பு மூட்டியது பெரியம்மா. பயற்றம் பணியாரத்துக்கு ஊரில் அவவின் கைதான் கை. வறுத்துத் திரித்த பயற்றம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, ஏலம், சீனிப்பாகு எல்லாம் ஒன்றாகிச் சூடு ஆறமுதல் உருண்டை பிடிக்கவேண்டும், ஆறினால் உதிர்ந்துபோகும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக இருந்து உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டினார்கள். மஞ்சள் போட்ட அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுவது பெரியம்மா மட்டும். கரைசல் தடித்தால் தோல் வெடிக்கும், தண்ணியாக இருந்தால் உள்ளே எண்ணெய் குடிக்கும். யாராவது கையை நீட்டினால் அகப்பைக் காம்பால் தட்டுவா. முதல் ஈட்டைப் பிள்ளையாருக்கு எடுத்துவைத்துவிட்டு, இரண்டாம் ஈட்டில் ஒன்றை எடுத்து, மோதிரம் பறிபோன துக்கத்தில் கோடியில் இருந்த என் வாயில் சுடச்சுட வைத்தா. நாக்குப் பொத்துவிட்டது.

கலியாணம் நடந்தது. பெரியையா வாசலில் நின்று சபையை வரவேற்றார். அவருடைய மகன் என் வேட்டியில் நின்று என் மோதிரத்தைப் போட்டான். இப்போது நோர்வேயில் இருக்கிறான், ஸ்கைப் காலத்திலிருந்தே கமராவுக்கு முன்னால் அந்த விரலை வேண்டுமென்றே ஆட்டிக் காட்டுவான்.

நாலாம் சடங்கு முடிந்து ஒரு மாதம் போகமுதலே ஐயாவும் பெரியையாவும் திரும்பப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேலிதான் காரணம். எடுத்த கல்லைத் திருப்பி அடுக்கும்போது யார் எங்கே அடுக்கியது என்று பழையபடி சண்டை. இதை நான் மறைக்காமல் எழுதுவது, நீங்கள் கண்ணீர் விட்டுவிடக்கூடாது என்பதற்காக. அந்த முறை அண்ணனையும் தம்பியையும் கட்டிப்பிடிக்க வைக்கவில்லை. காணிப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஒரு கலியாணத்துக்கு வேண்டிய மட்டும் படலையைத் திறந்து வைத்தது. ஆனால் பெரியையா கண்ணை மூடியபோது கொள்ளிக்குடத்துக்குத் தண்ணீர் அள்ளியது ஐயாதான், அதே கிணற்றில், யாரும் போய்க் கூப்பிடாமல்.

இதைத்தான் தம்பி நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருவரோடு நிரந்தரமாகக் கோபித்துக்கொண்டிருக்க வசதி இருக்கவில்லை. கிணறு அவனிடம், வத்தைப் படகு இவனிடம், கடாரம் அவன் மனைவியின் சீதனம். ஆள் நல்லவனோ கெட்டவனோ, நாலு வருடத்துக்கு ஒருதடவை அவன் படலையில் போய் நிற்கத்தான் வேண்டும். சின்னச் சண்டையும் பெரிய சண்டையும் அடுத்த கலியாணத்தில் அல்லது அடுத்த செத்தவீட்டில் வந்து முட்டுப்படும். பாரிஸில் உங்களுக்கு யாருடைய கிணறும் தேவையில்லை. மண்டபக்காரன் தண்ணீர்ப் போத்தலோடு விலை சொல்கிறான். பலகாரம் லா சப்பல் தமிழ்க் கடையிலிருந்து பெட்டியில் வரும். பந்தலையும் மணவறையையும் வானில் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போவார்கள். நானூறு பேரையும் ஒரு விரலால் கூப்பிட்டுவிட்டீர்கள். தம்பி இல்லாமலே மகளின் கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடக்கும். அதனால்தான் ஒன்பது வருடம் போயிருக்கிறது, இன்னும் இருபது வருடம் போகும். ஸ்காபரோச் சகோதரிகளுக்கு மேசை இலக்கம் போட்டவரும் இதே வசதியைத்தான் விற்றார்.

எங்கள் ஊர் எப்படிச் சிதறியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1985 மே 15ஆம் திகதி காலை குமுதினிப் படகில் ஏறியவர்களை நடுக்கடலில் மறித்து வெட்டினார்கள், பெண்கள் குழந்தைகள் என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கலியாணச் சாமானோடு படகில் ஏறுகிறவர்கள்கூட வீட்டில் விளக்குக் கொளுத்திவிட்டுத்தான் ஏறினார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவைப் பூட்டியது. எங்கள் வளவில் இப்போது யாரும் இல்லை, பெரியையாவின் வளவிலும் இல்லை. நடுவில் வேலி மட்டும் பார்க்க நன்றாக நிற்கிறது. அதற்காக, "காணி என்ன பெரிய விஷயம், விட்டுக்கொடு" என்று உங்களுக்குப் புத்தி சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களுக்குக் காணி இருந்ததில்லை. வழக்கை நடத்துங்கள். உறுதியைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். ஐயாவும் பெரியையாவும் போனார்கள்தானே?

ஆனால் கலியாணத்துக்குச் சொல்லவேண்டும். உங்கள் மகள் கேட்ட ஊர் முறை என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் சொல்லக்கூடாது. மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்பக்கூடாது. அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டு, "நான் அனுப்பினேன், அவர்தான் வரவில்லை" என்று ஊருக்குக் கணக்குக் காட்டக்கூடாது, அது அனுப்பாமல் இருப்பதைவிட மோசம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயில் இரண்டேகால், இரண்டரை மணித்தியாலம், கடலுக்கு அடியால் போகிறது, சோளகமும் இல்லை வாடையும் இல்லை. குங்குமச் செப்பை மறக்கவேண்டாம். காணியைப் பற்றி ஒரு சொல் எடுக்கவேண்டாம். அவர் எடுத்தால் காலநிலையைக் கதையுங்கள், அந்த நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. முகம் கொடுக்கவில்லை என்றால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தேத்தண்ணீரும் தரவில்லை என்றால் திரும்ப ஒருமுறை போங்கள். நீங்கள் மூத்தவர், நான் போவதா என்று யோசிப்பீர்கள். கலியாணம் வைக்கிறவன்தான் போகவேண்டும், அதில் மூப்பு இளமை கிடையாது.

கன்னிக்காலைக் கேட்டிருந்தீர்கள். முள்முருக்கைத் தேடி அலையவேண்டாம், ஐயரைக் கேளுங்கள். அவர் எங்கேயோ ஒரு தடியை மஞ்சள் துணி சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்திருப்பார், போன கிழமை இன்னொரு கலியாணத்திலும் அதுதான் நின்றிருக்கும். ஒரு குறையும் வராது.

தோழனைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்கு மூன்றும் பெண்கள். லண்டனில் தம்பிக்கு மகன் இருக்கிறானா?

அன்புடன்,
அண்ணா